இறுதி முடிவு மனிதருடையது

பிப்ரவரி 9

தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் உன்னைப் பேசின பேச்சை அந்த மாடி முழுக்கக் கேட்டுச்சு. சத்தம் போட்டதுக்கு வருத்தப்படுறேன். சொன்ன விஷயத்துக்கு வருத்தப்படல. ரெண்டும் வேற வேற. போன்ல பேசினா நான் ஒரு வாக்கியம் முடிக்கிறதுக்குள்ள நீ குறுக்க வருவ, நீ முடிக்கிறதுக்குள்ள நான் வருவேன். அதனால எழுதுறேன்.

அப்பா வீட்டுக்கு வந்துட்டார். பக்கவாதம் அடிச்ச வலது கை இன்னும் எழும்பல. பேச்சு குழறுது, ஆனா மண்டையில எல்லாம் தெளிவா இருக்கு. காலம் பூரா பள்ளிக்கூட மைதானத்துல நின்னு, அடுத்த தெருவுக்குக் கேக்கிற மாதிரி பசங்களை விரட்டின மனுஷன். இப்ப ஒரு 'தண்ணி' வாயில வர்றதுக்குள்ள நெத்தியெல்லாம் வேர்த்துடுது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பொண்ணுகிட்ட நேத்து 'போதும்'னு தெளிவா சொன்னார். அவ கைதட்டினா. அவர் பாடம் போதும்னு சொல்லியிருக்கார்.

நான் கொடுத்த புகாருக்கு ஆம்புலன்ஸ் சேவைக்காரங்ககிட்டயிருந்து பதில் வந்துடுச்சு. அப்பா விழுந்ததும் உன் அத்தான் போன் பண்ணினார் இல்ல, அந்த அழைப்பை உங்க கம்பெனி மென்பொருள் கேட்டுட்டு மஞ்சள் போட்டிருக்கு. சிவப்புன்னா உடனே வண்டி, மஞ்சள்னா கையில இருக்கிற சிவப்பெல்லாம் முடிஞ்ச பிறகு. அத்தானுக்குப் பதட்டம் வந்தா திக்கு ஜாஸ்தியாகும்னு உனக்குத் தெரியும். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றாரு, நடுவுல சத்தமே இல்ல, அதனால 'விளையாட்டு அழைப்பாக இருக்கலாம்'னு உங்க மெஷின் முடிவு பண்ணிடுச்சாம். சீக்கிரம் வந்திருந்தா கை பிழைச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதான் நின்ன.

திக்கிக்கிட்டே கடை வெச்சு, திக்கிக்கிட்டே என்னைப் பொண்ணு கேட்டு, திக்கிக்கிட்டே ஊர்ல எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன் அவர். இப்ப பேக்கரியில போன் அடிச்சா வேலைக்காரப் பையன் முகத்தைப் பார்க்கிறார். வீட்ல அடிச்சா என் முகத்தைப் பார்க்கிறார்.

இன்னொரு விஷயம். இந்த மாதிரி மெஷின்களைக் கட்டுப்படுத்துற மசோதாவை எங்க சட்ட வரைவுத் துறையிலதான் எழுதிக்கிட்டிருக்கோம். நடந்ததை எங்க கமா மேடம்கிட்ட சொல்லிட்டேன். (ஒரு கமாவுக்காக அரை நாள் யோசிப்பாங்க, அதனால அந்தப் பேர். என் மேலதிகாரி.) வேலையை விட்டே தள்ளி வெப்பாங்கன்னு நினைச்சேன். "அவசர சேவை அத்தியாயத்தை நான் எழுதுறேன், நீ தொடாதே. பொதுப் பிரிவுகளை எழுது. தம்பியோட உறவு வெச்சுக்கோ, தகவல் வாங்காதே"ன்னாங்க.

அதனால தகவல் கேக்கல. அக்காவா ஒண்ணு மட்டும் கேக்குறேன். அன்னிக்கு வராந்தாவுல, "மனுஷன் முடிவு எடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்"னு சொன்னியே. நிஜமாவே அப்படித்தான் நினைக்கிறியா?

அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். முதல்ல எழுதினது ரொம்பக் கோபமா இருந்துச்சு, ரெண்டாவது கம்பெனி விளம்பரம் மாதிரி இருந்துச்சு, மூணாவது அழுகையா இருந்துச்சு. இது எப்படி வரும்னு தெரியல.

நீ 'உன் மெஷின், உன் மெஷின்'னு சொல்ற. ஒரு மாடி முழுக்க ஆளுங்க சேர்ந்து செஞ்சது அது. அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் ஞாபகமில்ல. யாரு முதல்ல போன் போட்டாங்களோ அவங்களுக்கு முதல் வண்டி. கால் சுளுக்கினவன் வண்டியில படுத்துப் போவான், நெஞ்சு வலிக்காரன் வாசல்ல காத்துக்கிட்டு இருப்பான். இப்ப அப்படி இல்ல. எத்தனையோ பேரோட அப்பா பிழைச்சிருக்காங்க. அவங்க பிள்ளைங்க யாரும் எங்களுக்குக் கடிதம் போடறதில்ல. பிழைச்சவங்களுக்கு மெஷின் ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

நீ கேட்டதுக்கு வரேன். அன்னிக்குச் சொன்னப்ப அப்படித்தான் நினைச்சேன். மெஷின் நிறம் சொல்லும், ஆனா ஆபரேட்டர் அதை மாத்தலாம், இறுதி முடிவு மனுஷன் கையிலதான்னு எங்க கையேட்டுல முதல் பக்கத்துலயே இருக்கு. ஆனா உன் கடிதம் வந்ததுலயிருந்து ஒண்ணு உறுத்துது. ஆபரேட்டருங்க அழைப்பை எடுக்கிற அந்தக் கூடத்துக்குள்ள நான் ஒரு தடவை கூட போனதில்ல. பக்கத்துத் தெருவுலதான் இருக்கு.

போய் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கேன். எங்க டைரக்டர் சரின்னுட்டார்.

சட்டம் எழுதுங்க, வேண்டாங்கல. ஆனா நீங்க ஒரு கமா போடுறதுக்குள்ள நாங்க ரெண்டு வெர்ஷன் மாத்தியிருப்போம். கோவிச்சுக்காதே.

அப்பா 'போதும்'னு சொன்னதைப் படிச்சு ரொம்ப நேரம் சிரிச்சேன். அத்தானைக் கேட்டதா சொல்லு. அவர் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் இல்ல.

தம்பி

*

மார்ச் 3

தம்பிக்கு,

கமா ஜோக்கை மேடம்கிட்ட சொன்னேன். "இருக்கட்டும், அவங்க ரெண்டு வெர்ஷன்லயும் தப்பு இருக்கும், என் கமாவுல இருக்காது"ன்னாங்க.

நீ சொன்னதுல பாதி நிஜம்தான். போன வாரம் முழுக்க 'செயற்கை நுண்ணறிவு'ன்னா என்னன்னு வரையறை எழுதி மாஞ்சோம். வலையை அகலமா வீசினா, மசோதாவைப் பரிசீலிக்கிற கமிட்டியில ஒருத்தர், "இதும்படி என் வீட்டு வாஷிங் மெஷினையும் ஜெயில்ல போடலாமே"ன்னு கேக்கிறார். சின்னதா வீசினா, உன்னை மாதிரி ஆளுங்க நாளைக்கே அதுக்கு வேற பேர் வெச்சு வெளிய நடந்து போயிடுவீங்க. கடைசியில மேடம் வரையறையையே தூக்கிட்டாங்க. அது என்னங்கிறதைக் கேக்க வேண்டாம், அது யாருக்கு என்ன செய்யுதுன்னு கேப்போம்னு.

அதுக்கப்புறம் நான் எழுதின பிரிவு இது. வலைத்தளத்துல போட்டாச்சு, அதனால ரகசியம் இல்ல: 'ஒருவரது உயிரையோ உடலையோ பாதிக்கும் எந்த முடிவிலும், இறுதி முடிவு மனிதருடையதாக இருத்தல் வேண்டும்.'

அப்பாவை நினைச்சுத்தான் எழுதினேன்னு மேடம்கிட்டயே ஒத்துக்கிட்டேன். நல்லா இருக்குன்னாங்க. கமிட்டியில ஒருத்தர் கூட எதிர்க்கல. கம்பெனிக்காரங்க தரப்பு வக்கீல் எழுந்து நின்னு பாராட்டினாராம். இத்தனை வருஷத்துல என் வாக்கியத்தை எதிர்த்தரப்பு பாராட்டினது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். இடது கையால தோளைத் தட்டினார்.

அத்தான் மாவு மூட்டை வேணும்னா ஆலைக்கு நேர்லயே நடந்து போறார். "காத்தாட நடந்தா உடம்புக்கு நல்லது"ங்கிறார். மழையிலயும் போறார்.

அக்கா

*

மார்ச் 21

அக்காவுக்கு,

கூடத்துக்குப் போயிட்டு வந்தேன். ஒரு வாரமா தினமும் போறேன். சொல்ல வேண்டாம், எழுத வேண்டாம்னு நினைச்சுக்கிட்டே எழுதுறேன். நீ தகவல் கேக்கல. நானாத்தான் கொட்டுறேன்.

கூடத்துல ஹெட்செட் போட்ட ஆளுங்க வரிசையா இருக்காங்க. திரையில நிறம் வரும். ஏத்துக்கணும்னா ஒரு அழுத்து. மாத்தணும்னா அழுத்திட்டு, ஏன் மாத்தினோம்னு விளக்கம் எழுதணும். எழுதிக்கிட்டிருக்கும்போதே அடுத்த அழைப்பு மின்னும். மாசக் கடைசியில யாரு அதிகமா மாத்தினாங்கன்னு மேற்பார்வையாளருக்குத் தெரியும். கூப்பிட்டு வெச்சு "மெஷினை விட உனக்கு ஜாஸ்தி தெரியுமோ"ம்பார். நான் கேட்டேன். என் காதால கேட்டேன்.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. பயிற்சி நாற்காலியில என்னை உட்கார வைங்கன்னேன். பழைய அழைப்புகளை ஓட்டினாங்க. காலையிலயிருந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும் உட்கார்ந்தேன். அதுல மெஷின் தப்பா நிறம் போட்ட அழைப்புகளையும் வேணும்னே கலந்திருக்காங்க. அக்கா, நான் ஒண்ணைக் கூட மாத்தல. அது எங்கெங்க தப்பு பண்ணும்னு தெரிஞ்ச ஆள் நான். நானே 'சரியாத்தான் இருக்கும்'னு அழுத்திக்கிட்டே போயிட்டேன்.

இப்ப இதைக் கேளு. அத்தான் அழைப்பை எடுத்த பொண்ணு வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. நீ புகார் கொடுத்த மறுநாள்லயிருந்து அவளை சஸ்பெண்ட் பண்ணி வெச்சிருக்காங்க. ஏன்னா மஞ்சளை 'ஏத்துக்கிட்டது' அவதான். இறுதி முடிவு மனுஷனோடது. அந்த மனுஷி இவ.

உன் பிரிவை எங்க வக்கீல் எதுக்குப் பாராட்டினார்னு இப்பப் புரியுதா? அது சட்டமாச்சுன்னா எந்தத் தப்புக்கும் எங்க மேல கை வைக்க முடியாது. மெஷின் யோசனைதான் சொல்லுச்சு, முடிவெடுத்தது ஹெட்செட் போட்ட ஆள்னு சொல்லிட்டுப் போயிடலாம். நீ அப்பாவுக்காக எழுதின வாக்கியம் அந்தப் பொண்ணு தலையில போய் விழும்.

மனுஷன் முடிவு எடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்னு நான் சொன்னேன். மனுஷன் முடிவு எடுக்கவே இல்ல அக்கா.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

படிச்சதும் முதல்ல உன் மேல கோபம் வந்துச்சு. அப்புறம் என் பிரிவை எடுத்து, ஒரு கெட்டிக்கார வக்கீல் படிக்கிற மாதிரி படிச்சேன். நீ சொல்றது சரி. 'இருத்தல் வேண்டும்'னு எழுதிட்டா இருந்துடும்னு நினைச்சுட்டேன்.

உன் கடிதத்தை மேடம்கிட்ட கொடுத்தேன். கொடுக்காம இருக்க முடியாது. படிச்சு முடிச்சு, மடிச்சு, திருப்பிக் கொடுத்துட்டாங்க. "இதை நான் படிக்கல. ஒரு அக்காவுக்கு வந்த கடிதத்தை வெச்சு நாட்டுக்குச் சட்டம் எழுத முடியாது. நாளைக்கு அந்த வக்கீலே 'குடும்பப் பகையில எழுதின பிரிவு'ம்பார். சொல்ல வேண்டிய ஆள், சொல்ல வேண்டிய இடத்துல, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லணும்"னாங்க.

நான் உன்னை வான்னு கூப்பிடல. தெளிவா எழுதுறேன்: கூப்பிடல. நீ கம்பெனியோட ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட ஆள். உள்ள நடக்கிறதை வெளிய சொல்றவங்களைக் காப்பாத்தணும்னு எங்க மசோதாவுல ஒரு அத்தியாயமே இருக்கு. ஆனா அது இன்னும் சட்டமாகல. நாங்க குடை தைச்சுக்கிட்டுதான் இருக்கோம், மழை இப்பவே பெய்யுது. என்ன பண்ணலாம்னு ஒரு நல்ல வக்கீல்கிட்ட கேளு. என்கிட்ட கேக்காதே.

இன்னொண்ணு சொல்லியாகணும். உன் கடிதத்தை அத்தானும் படிச்சார். அந்தப் பொண்ணு சஸ்பெண்டுன்னு தெரிஞ்சதும் எழுந்து கடைக்குப் போயிட்டார். மறுநாள் கமிட்டிக்கு மனு போட்டிருக்கார். தன்னை விசாரிக்கணும்னு. மெஷினைச் செஞ்ச இஞ்சினியரையும் கூப்பிடணும்னு. எனக்கே அப்புறம்தான் சொன்னார். "ந... நான் பேசாததுக்கு அவ எதுக்குத் த... தண்டனை வாங்கணும்"னு கேட்டார்.

அக்கா

*

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

கமிட்டி நோட்டீஸ் வந்துடுச்சு. அத்தான் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வக்கீலைப் பார்த்தேன். கமிட்டியே கூப்பிட்டுக் கேட்டா, ரகசிய ஒப்பந்தம் வாயைக் கட்டாதாம். ஆனா போகணும்னு கட்டாயமும் இல்ல, கம்பெனி வேற ஆளை அனுப்பிக்கலாமாம். கூடத்துல பார்த்ததை டைரக்டர்கிட்ட நேரா போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்ல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார். "நீ சொல்றது எனக்குப் புரியுது. கம்பெனி வக்கீலுக்குப் புரிய வைக்க என்னால முடியாது"ன்னார். சாயங்காலமே என்னை லீவுல போகச் சொல்லிட்டாங்க. கிளம்பி வர்றப்ப, கூட வேலை பார்க்கிறவங்க லிஃப்ட்ல என்னைப் பார்த்ததும் போனை எடுத்துப் பார்த்தாங்க. அதுதான் தாங்க முடியல.

போகலாமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல. நீ சொல்லாதே.

தம்பி

*

ஏப்ரல் 16

தம்பிக்கு,

சொல்லல.

அத்தான் உன்கிட்ட கேக்காம உன்னை இழுத்துவிட்டதுக்கு மன்னிச்சுக்கச் சொன்னார். திட்டணும்னா நேர்ல வந்து திட்டணுமாம், திக்காம திட்டுறவனைக் கண்டா அவருக்குப் பொறாமையாம். ரொம்ப நாள் கழிச்சு ஜோக் அடிச்சார்.

நீ போனாலும் போகாட்டியும் இந்த வீட்ல உனக்கு ஒரு தட்டு இருக்கு. இதுல உட்பிரிவு எதுவும் கிடையாது.

அக்கா

*

மே 6

அக்காவுக்கு,

உனக்கு அங்க வர அனுமதி இல்லைன்னாங்க. அத்தான் வீட்டுக்கு வந்து சொல்லியிருப்பார், ஆனா தன் பங்கைப் பாதியாக் குறைச்சிருப்பார். அதனால நான் எழுதுறேன்.

கமிட்டி அறையில சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. யாரு பேசினாலும் ஒரு மெஷின் கேட்டு, எழுத்தா அதுல ஓட்டும். பதிவுக்கு அதுதான். முதல்ல எங்க வக்கீல் பேசினார். திரையில முத்து முத்தா வந்துச்சு. அப்புறம் அத்தானைக் கூப்பிட்டாங்க. இஸ்திரி போட்ட சட்டையில வந்து நின்னார். "என் மா... மா... மா..." மாமனார்னு சொல்ல வந்தார். திரையில 'அம்மா மாமா மா'ன்னு ஓடிச்சு. பின்னால யாரோ சிரிச்சு, இருமி மழுப்பினாங்க. அவர் விடாம முயற்சி பண்ணினார். திரையில 'ஒலி தெளிவில்லை'ன்னு வந்துச்சு. மறுபடியும் 'ஒலி தெளிவில்லை'.

எனக்கு எழுந்து போய் அந்தத் திரையை உடைக்கணும் போல இருந்துச்சு. அத்தான் திரும்பிப் பார்த்தார். நிதானமாப் படிச்சார். அப்புறம் கமிட்டித் தலைவர் அம்மா பக்கம் திரும்பி, "இ... இதுக்கு மேல... நான் என்ன சா... சாட்சி சொல்லணும்?"னு கேட்டார். அதையும் திரை தப்பா எழுதிச்சு.

தலைவர் அம்மா, "அதை அணைங்க. சுருக்கெழுத்துக்காரரைக் கூப்பிடுங்க"ன்னாங்க. அத்தானைப் பார்த்து, "நீங்க உட்கார்ந்து மெதுவா சொல்லுங்க, எங்களுக்கு வேற வேலை இல்ல"ன்னாங்க. அவர் எல்லாத்தையும் சொன்னார். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லைன்னும் சொன்னார். அவளும் பின் வரிசையில உட்கார்ந்திருந்தா.

அவருக்கு அப்புறம் நான் எப்படி வாயை மூடிக்கிட்டு உட்கார முடியும்? என் பேரைக் கூப்பிட்டதும் கால் தானா எழுந்துடுச்சு.

"ஆபரேட்டர் நிறத்தை மாத்தலாம் இல்லையா?"ன்னு கேட்டாங்க.

"மாத்தலாங்க."

"அப்புறம் ஏன் மாத்தல?"

"அந்த நாற்காலியில என்னையே உட்கார வெச்சாங்க. அதைச் செஞ்சவன் நான். நானும் மாத்தல. மாத்தினா விளக்கம் எழுதணும், ஏத்துக்கிட்டா எழுத வேண்டாம். ரெண்டு கதவு வெச்சு ஒண்ணைப் பூட்டிட்டு, 'எந்த வழியா வேணா போ'ன்னு சொல்ற மாதிரிங்க."

எங்க வக்கீல் எழுந்தார். தலைவர் அம்மா கையால உட்காரச் சொன்னாங்க.

வெளிய வந்ததும் அத்தானும் நானும் எதிர்க் கடையில டீ குடிச்சோம். திட்டவே மறந்துட்டேன். நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியல. ஆனா ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

தம்பி

*

ஜூலை 18

தம்பிக்கு,

மசோதா நிறைவேறிடுச்சு. தினசரியில வந்திருக்கும், ஆனா அவங்க எல்லாத்தையும் சுருக்கிடுவாங்க. என் பிரிவை மேடமும் நானும் உட்கார்ந்து முழுசாத் திருப்பி எழுதினோம். உன் சாட்சியம் இப்ப எல்லாரும் படிக்கிற ஆவணம், அதனால யாரும் குறை சொல்ல முடியாது. இதோ:

'இறுதி முடிவு மனிதருடையது என எவரேனும் கூறின், அம்மனிதருக்கு அம்முடிவை மாற்றப் போதிய நேரமும் அதிகாரமும் இருந்தன என்பதையும், மாற்றுவோர் எவரும் அதன் பொருட்டு இன்னலுக்கு ஆளாக்கப்படவில்லை என்பதையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு அவ்வாறு கூறியவரையே சாரும்.'

கமாவை எண்ணாதே. மேடம் அதுலதான் சண்டை போட்டாங்க. இந்தத் தடவை உங்க வக்கீல் பாராட்டல. எனக்கு அதுல ஒரு திருப்தி.

எல்லாம் கிடைக்கல. மென்பொருளுக்குள்ள என்ன இருக்குன்னு பாதிக்கப்பட்டவங்களே பார்க்கலாம்னு ஒரு பிரிவு வெச்சிருந்தோம், தொழில் ரகசியம்னு அடிச்சுட்டாங்க. புதுசா அமைக்கப்போற ஆணையம் மட்டும் பார்க்கலாம். அப்புறம், சட்டம் முன்னாலதான் பார்க்கும், பின்னால பார்க்காது. அப்பா விஷயத்துக்கு இது பொருந்தாது. அதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தயங்கினேன். சொல்லி முடிச்சதும், "அந்தப் பொண்ணு?"ன்னார். வேலைக்குத் திரும்பிட்டாள்னேன். "சரி"ன்னார்.

குழறல் இல்லாம வந்துச்சு அந்த 'சரி'.

அக்கா

*

செப்டம்பர் 27

அக்காவுக்கு,

டைரக்டர் ஜூலை கடைசியிலயே என்னை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுட்டார். சட்டம் கேக்கிறதைச் செய்ய ஆள் வேணுமாம். என் மேஜையைக் கூடத்துலதான் போடுவேன்னு சொன்னேன். இப்ப ஹெட்செட் வரிசைக்குப் பின்னால உட்கார்ந்திருக்கேன். திக்கிப் பேசறவங்க, பக்கவாதத்துல வாய் கோணினவங்க, மொழி அரைகுறையாத் தெரிஞ்சவங்கன்னு நிறைய பேரோட குரலைக் கேட்டு வாங்கி, மெஷினுக்குத் திரும்பப் பாடம் எடுக்கிறோம். அத்தான் முதல் ஆளா வந்து பேசிட்டுப் போனார், பாதிக்கு மேல எங்களைக் கிண்டல் பண்ணியே. ஏத்துக்கிறதும் மாத்துறதும் இப்ப ஒரே அழுத்துதான். மாசக் கடைசிக் கூப்பாடு நின்னுபோச்சு.

நேத்து மத்தியானம் ஒரு அழைப்பு. யாரோ ஒரு அம்மா, அழுகைக்கு நடுவுல ரெண்டு மூணு வார்த்தைதான். மெஷின் மஞ்சள் போட்டுச்சு. எடுத்தது அதே பொண்ணு. கண்ணை மூடிக் கேட்டா. சிவப்புன்னு மாத்தினா. வண்டி போச்சு.

போய்ப் பார்த்தா, பெரிசா ஒண்ணுமில்ல. புருஷன் சாப்பிடாம கிடந்து மயங்கியிருக்கார். தண்ணி தெளிச்சதும் எழுந்துட்டார். நான் எழுந்து மேற்பார்வையாளரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவ நிமிர்ந்து எங்க ரெண்டு பேரையும் பார்த்தா. யாரும் ஏன்னு கேக்கல. அவ அடுத்த அழைப்பை எடுத்துட்டா.

தம்பி

*

அக்டோபர் 5

தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு ரெண்டு தடவை படிச்சேன். மயங்கினவருக்கு இப்ப எப்படி இருக்குன்னு கேக்கிறார். விசாரிச்சு வை.

சட்டத்துக்குக் கீழே விதிகள் எழுதுற வேலை என்கிட்ட வந்திருக்கு. 'போதிய நேரம்'னா எவ்வளவு நேரம்? அதுக்கே ரெண்டு வாரமா அடிதடி. நான் எழுதின வரைவு நேத்து வலைத்தளத்துல வந்துடுச்சு, யார் வேணும்னாலும் ஆட்சேபணை எழுதலாம். மூணாவது விதி தப்போன்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நீ படி. தப்புன்னா விடாம அடிச்சு எழுது. ஆபீஸ் முகவரிக்கு எழுது, எல்லாரும் படிக்கிற மாதிரி.

எனக்கு எழுத வேண்டாம். வியாழக்கிழமை அத்தான் கடைக்கு லீவு. கிளம்பி வா.

அக்கா